சுட்ட அன்னைக்கே கழுவணும்: கருமருந்து ரிவால்வர் வாங்கலாமான்னு கேட்டவருக்கு

"ஓஹாயோல இருக்கேன், எச் ஒன் பி விசா, அபார்ட்மென்ட். 1858 ரெமிங்டன் மாதிரியே இத்தாலில செஞ்ச கருமருந்து ரிவால்வர் ஒண்ணு 350 டாலர் கிட்ட வருது, லைசென்ஸ் பேப்பர் எதுவும் வேண்டாம் வீட்டுக்கே பார்சல்ல வந்துடும்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், உண்மையா? மெயின்டெனன்ஸ் ரொம்ப கஷ்டமா?" இதான் நீங்க கேட்டது. ரெண்டு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா படிச்சுப் பாத்தா உள்ள ஒரே கேள்விதான்: பேப்பர் இல்லாம கொடுக்கறாங்கன்னா இது பொம்மையா, பொம்மைன்னா அலமாரில போட்டு வச்சுக்கலாமா? பொம்மை இல்லீங்க. இது நிஜத் துப்பாக்கி, அதுவும் தினம் கடைல விக்கற புது பிஸ்டலவிட நாலு மடங்கு கவனிப்பு கேக்கற துப்பாக்கி. நான் கோயம்புத்தூர்ல டூல் அண்ட் டை படிச்சுட்டு வந்தவன், இண்டியானால மெஷின் ஷாப்ல வேலை, பதினாறு வருஷமா இந்த ரிவால்வருங்கள சுட்டு, கழுவி, உடைச்சு, ரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன். அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன், நான் வக்கீல் இல்ல, சட்டத்துல பொதுவா தெரிஞ்சத மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த பேப்பர் விஷயம், ஏன்னா உங்க விசாவுக்கு அதுதான் முக்கியம். 1968ல வந்த கன் கன்ட்ரோல் ஆக்ட்ல 'ஆன்டிக்'னு ஒரு வகை இருக்கு, 1898லயோ அதுக்கு முன்னயோ செஞ்சதும் அதோட நகலும் அதுல வரும், நகல்னா சாதாரண தோட்டா போட்டு சுடற மாதிரி டிசைன் பண்ணதா இருக்கக்கூடாது. கருமருந்தக் கொட்டி, ஈய உருண்டைய இறுக்கி, பின்னாடி கேப் (அடிச்சா பொறி தர்ற குட்டித் தொப்பி) வச்சு சுடற ரிவால்வர் இதுக்குள்ள வந்துடும், அதனால ஃபெடரல் சட்டத்துல இது 'ஃபயர் ஆர்ம்'னே கணக்கு இல்ல, பார்சல்ல வர்றது அதனாலதான். எச் ஒன் பி மாதிரி நான்-இமிக்ரண்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கி வச்சுக்கக் கூடாதுன்னு இருக்கற ஃபெடரல் தடையும் 'ஃபயர் ஆர்ம்'ங்கற அந்த வார்த்தைய பிடிச்சுத்தான் நிக்குது. ஆனா இது ஃபெடரல் கதை மட்டும். ஸ்டேட் சட்டம் வேற, நியூ ஜெர்சில போய் இதையே வாங்கணும்னா மத்த கைத்துப்பாக்கி மாதிரி பர்மிட் வேணும். நாளைக்கு வேலை மாறி வேற ஸ்டேட் போனா இதுவும் கூட வரும், அப்ப சட்டம் மாறிடும். விசால இருக்கறப்போ, வாங்கறதுக்கு முன்னாடி உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. முன்னூத்தம்பது டாலர் சாமானுக்கு இவ்ளோ எதுக்குன்னு தோணும், கிரீன் கார்டு ஃபைல் நடுவுல இருக்கறவனுக்கு தோணாது.

இதுல ஒரு பொறி இருக்கு, கடைக்காரங்க சத்தமா சொல்ல மாட்டாங்க. கார்ட்ரிட்ஜ் கன்வர்ஷன் சிலிண்டர்னு ஒண்ணு விக்கறாங்க, ரெமிங்டன் மாடல்ல சிலிண்டர (ஆறு அறை இருக்கற சுத்தற உருளை) கழட்டறது சுலபம், அந்த இடத்துல இத மாட்டினா சாதாரண தோட்டாவே போட்டு சுடலாம். மாட்டின நிமிஷம் அது ஆன்டிக் இல்ல, ஃபயர் ஆர்ம். அமெரிக்க குடிமகனுக்கு அது பெரிய விஷயம் இல்ல, உங்களுக்கு அது பொதுவா குத்தம். யாராவது 'கழுவற தொல்லை குறையும்'னு யோசனை சொன்னா காதுல வாங்காதீங்க. அதே மாதிரி இந்தியாவுக்கு எடுத்துட்டுப் போற நினைப்பே வேண்டாம். அங்க ஆர்ம்ஸ் ஆக்ட் 1959படி இது சுடற துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாம ஏர்போர்ட்ல இறங்கினா மாமனார் வீட்டுக்குப் போறதுக்கு பதிலா வேற மாமியார் வீட்டுக்குப் போவீங்க. கருமருந்தும் கேப்பும் இங்க உள்ளூர் ஃப்ளைட்லயே செக்-இன் பேக்ல கூட போடக்கூடாது.

சரி, சாமான். 1950கள் கடைசில, உள்நாட்டுப் போரோட நூறாவது வருஷம் வரப்போகுதுன்னு அமெரிக்கால வால் ஃபோர்ஜெட்னு ஒருத்தர் இத்தாலிக்கு போய் பழைய கோல்ட் ரிவால்வர் மாதிரி செஞ்சு கொடுங்கன்னு கேட்டார், ஆல்டோ உபெர்ட்டி கம்பெனி ஆரம்பிச்சது 1959. அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த வியாபாரம் ப்ரெஷியா மாவட்டத்துலதான், உபெர்ட்டி, பியெட்டா ரெண்டு பேருதான் பெரும்பாலும். குழல்ல 'பிளாக் பவுடர் ஒன்லி'ன்னு வெட்டியிருக்கும், பக்கத்துல இத்தாலி ப்ரூஃப் ஹவுஸ் (துப்பாக்கிய சோதிச்சுப் பாக்கற இடம்) முத்திரையும் ஒரு சின்ன கட்டத்துக்குள்ள ரெண்டு எழுத்தும் இருக்கும், அந்த எழுத்து எந்த வருஷம் சோதிச்சதுன்னு சொல்லும். செகண்ட் ஹேண்ட் வாங்கறப்போ 'போன வருஷம் வாங்கினது, ரெண்டு தடவதான் சுட்டேன்'னு சொல்றவர்கிட்ட அந்தக் கட்டத்த பாத்துட்டுப் பேசுங்க.

நீங்க ரெமிங்டன பாத்திருக்கீங்க, என் ஓட்டும் அதுக்குத்தான். கோல்ட் மாடலுக்கு சிலிண்டர் மேல ஃப்ரேமோட பாலம் கிடையாது, குழல் தனியா வந்து ஒரு ஆப்பு வச்சு நிக்கும், ஆப்பு எவ்ளோ ஆழம் போகுதோ அதப் பொறுத்து சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல இடைவெளி மாறும், சில உபெர்ட்டிகள்ல நடு அச்சு கொஞ்சம் குட்டையா வர்றதால அது ஒரே மாதிரி நிக்காது. எனக்கு லேத் இருக்கு, சின்னதா வாஷர் வெட்டிப் போட்டு சரி பண்ணிட்டேன், உங்களுக்கு அபார்ட்மென்ட்ல அந்த வேலை வேண்டாம். கோல்ட்ல இன்னொரு தொல்லை, சுட்ட கேப் கிழிஞ்சு, கேப்ப அடிக்கற சுத்தியலுக்கு அடியில விழுந்து சிக்கிக்கும், அதனாலதான் பழைய ஆளுங்க சுத்தியல இழுக்கறப்போ குழல வானத்தப் பாக்க தூக்குவாங்க. ரெமிங்டன்ல ஃப்ரேம் மேல மூடியிருக்கும், உறுதி. அதுக்கு குறைன்னா சிலிண்டர் சுத்தற அச்சு மெல்லிசு, கரி சேர்ந்தா ரெண்டு மூணு சுத்துக்குள்ளயே (ஒரு சுத்துன்னா ஆறு அறையும் சுட்டு முடிக்கறது) இறுகி நிக்கும். அச்சுல கிரீஸ் தடவி, சுத்துக்கு ஒரு தடவ சிலிண்டர் முகத்த ஈரத்துணியால துடைச்சா ஓடும்.

பித்தளை ஃப்ரேம் வாங்காதீங்க. அம்பது நூறு டாலர் குறையும், படத்துல தங்கமா மின்னும், எனக்கும் முதல் துப்பாக்கி அதுதான். போர்ல தென் மாநிலக்காரங்க இரும்பு கிடைக்காம பித்தளைல செஞ்சாங்க, உண்மை, ஆனா அது பாயின்ட் 36 (குழலோட அகலம், அங்குலக் கணக்கு). இப்போ பாயின்ட் 44லயும் பித்தளை விக்கறாங்க, முழு மருந்து போட்டு சுட சுட சிலிண்டரோட பின்பக்கம் ஃப்ரேம்ல மோதி மோதி பல்லு வரிசை மாதிரி அச்சு விழும், அப்புறம் இடைவெளி கூடும், அப்புறம் விக்கலாம்னு பாத்தா வாங்கறவனும் அதத்தான் முதல்ல பாப்பான். பித்தளையே வச்சிருக்கறவங்க மருந்தக் குறைச்சுப் போட்டா நாள் தாங்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கருமருந்துங்கறது வெடியுப்பு, கந்தகம், கரி. நம்ம தீபாவளி மறுநாள் தெருவுல அடிக்கற அதே வாசனை. எரிஞ்சதுல பாதிக்கு மேல புகையாவும் கசடாவும்தான் போகுது, குழல்ல ஒட்டற கசடுல பொட்டாசியம் உப்புங்க இருக்கு, அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியறத பாத்திருப்பீங்கல்ல, அதேதான், ஆனா இங்க ஜாடி இரும்பு. அதான் சுட்ட அன்னைக்கே கழுவணும்ங்கறது. மறுநாள் காலைலன்னா ஓஹாயோ குளிர்காலத்துல தப்பிக்கலாம், ஜூலைல தப்பிக்க முடியாது.

எனக்கு இது புத்தி வந்த கதை ஒண்ணு. ஒரு ஆகஸ்ட் ஞாயித்துக்கிழம, காலைல சுட்டுட்டு நேரா ஒரு காதுகுத்துக்குப் போயிட்டேன், சாயங்காலம் வந்து அசதி, திங்கக்கிழம ஷிஃப்ட், செவ்வாக்கிழம ஞாபகமே இல்ல. வெள்ளிக்கிழம உறையத் திறந்தா நல்லாத்தான் இருக்கு, மேல கறுப்பு பாலிஷ் அப்படியே. சிலிண்டர கழட்டி லைட் அடிச்சா ஆறு அறையும் உள்ள ஆரஞ்சு கலர், பழைய தகரக் கூரை மாதிரி. நிப்பிள் (கேப் மாட்டற குட்டிக் குழாய், அறைக்கு ஒண்ணு) ஆறுல நாலு கழண்டு வந்துச்சு, அஞ்சாவது ரென்ச்ச முறிச்சுது, ஆறாவது இன்னிக்கும் லேசா சாஞ்சுதான் நிக்குது. துரு போச்சு, குழிங்க போகல. அந்தக் குழில ஒவ்வொரு தடவையும் கசடு உக்காந்துக்கும், இப்ப அந்த சிலிண்டருக்கு மட்டும் ரெட்டை நேரம் கழுவறேன். துப்பாக்கி புதுசு, அப்ப எட்டு மாசம்தான்.

கழுவறது எப்படின்னா, தண்ணி. அவ்ளோதான். புது துப்பாக்கி கடைல விக்கற சால்வென்ட் எல்லாம் தோட்டாத் துப்பாக்கிக்கு, உப்பக் கரைக்க தண்ணிய மிஞ்சினது இல்ல. சுத்தியல அரைவாசி இழுத்து, குழலுக்குக் கீழ இருக்கற, உருண்டைய இறுக்கற லிவர இறக்கி, அச்ச முன்னாடி இழுத்தா சிலிண்டர் வலது பக்கம் கைல வந்து விழும், இதுதான் ரெமிங்டனோட அழகு. மரக் கைப்பிடி கழட்டுங்க. நிப்பிள் ஆறும் கழட்டுங்க. ஒரு தனி பிளாஸ்டிக் வாளி, வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு. சிலிண்டர உள்ள போட்டதும் ஊசிப்போன முட்டை வாசனை வரும், பயப்படாதீங்க, கந்தகக் கசடு தண்ணில கரையற வாசனை. பழைய டூத் பிரஷ், குழலுக்கு சரியான அளவு பிரஷ், தண்ணி கறுக்கும், மாத்துங்க, மூணாவது வாளி தெளிவா வந்தா போதும். சமையல் பாத்திரம் கழுவற சிங்க்ல மட்டும் பண்ணாதீங்க, அதுல ஈயம் இருக்கு, வீட்டுல குழந்தை இருந்தா இன்னும் கவனம், கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் சோத்துல வைக்கணும். கழுவினத ஓவன்ல வச்சுக் காய வைக்கறவங்க நிறைய இருக்காங்க, எனக்கு அதே ஈய பயம், ஹேர் டிரையர்தான், வீட்டுக்காரியோட பழைய டிரையர் இப்ப என் டூல் பாக்ஸ்ல. நிப்பிள் மரைல கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டுங்க, விரல் இறுக்கத்துக்கு மேல கால் சுத்து, அவ்ளோதான். அப்புறம் உள்ளயும் வெளியும் எண்ணெய். மறுநாள் வெள்ளைத் துணி ஒண்ண குழல்ல விட்டுப் பாருங்க, பழுப்பா வந்தா திரும்ப ஒரு தடவ. பழகினா முக்கால் மணி நேரம், முதல் தடவ ரெண்டு மணி நேரம் ஆகும். உள் மெஷின ஒவ்வொரு தடவையும் பிரிக்க வேண்டாம், நாலஞ்சு தடவைக்கு ஒரு தடவ போதும், ஆனா இத்தாலி ஸ்க்ரூ தலை வெண்ணெய் மாதிரி, வீட்டு ஸ்க்ரூ டிரைவர் வச்சா காடி போயிடும், துப்பாக்கிக்குன்னே நுனி நேரா தீட்டின டிரைவர் செட் வாங்குங்க, அந்தக் காசு வீண் இல்ல.

இதுல எது உறுதி, எது சண்டைன்னு பிரிச்சு சொல்லிடறேன், ஏன்னா கேட்டா பத்து பேர் பத்து விதமா சொல்லுவாங்க. தண்ணி, அன்னைக்கே, நல்லா காய வை, எண்ணெய்: இதுல ரெண்டு கருத்து இல்ல. கொதிக்கற தண்ணியா ஆறின தண்ணியாங்கறது சண்டை, கொதிக்கற தண்ணி சீக்கிரம் காயும், ஆனா காயற அந்த நிமிஷத்துலயே மெல்லிசா செந்துரு பூத்துடும், நான் பாத்திருக்கேன், அதான் வெதுவெதுப்புக்கு வந்துட்டேன். பெட்ரோலிய எண்ணெய் போட்டா கசடோட சேர்ந்து தாரா இறுகிடும்னு சொல்றாங்க, என் அனுபவத்துல சுடறப்போ குழல்ல நிறைய எண்ணெய் இருந்தா அப்படித்தான் ஆகுது, நல்லா கழுவினதுக்கு அப்புறம் பாதுகாப்புக்குத் தடவினா ஒண்ணும் ஆகல, திரும்ப சுடறதுக்கு முன்ன துடைச்சுடறேன். இன்னொண்ணு, குழல தோசைக்கல் மாதிரி பழக்கணும், சோப்பே போடாம மெழுகு எண்ணெய் தடவித் தடவி கறுக்க விடணும்னு ஒரு கூட்டம். தோசைக்கல்லுக்கு அது சரி. இது இந்தக் காலத்து ஸ்டீல், பழகறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல, பழகுதுன்னு நினைக்கறது அடியில தேங்கின கசடுதான். இது என் தீர்ப்பு, படிச்ச படிப்புக்கு தோணறது.

பெரிய சண்டை செயின் ஃபயர். ஒரு அறை சுட்டா பக்கத்து அறையும் சேந்து வெடிக்கறது. முன்பக்கம் உருண்டை தளர்வா இருந்து நெருப்பு உள்ள போகுதுங்கறாங்க ஒரு சாரார், பின்பக்கம் கேப் சரியா உக்காராம அந்த வழியா போகுதுங்கறாங்க இன்னொரு சாரார். எனக்கு பதினாறு வருஷத்துல ஒரே ஒரு தடவ நடந்துச்சு, ரெண்டு சத்தம் ஒண்ணா, கை உதறிப் போச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு பெரிய சைஸ் கேப்ப விரலால நசுக்கி மாட்டியிருந்தேன், அதனால பின்பக்கம்தான்னு எனக்கு சந்தேகம், ஒரு தடவ நடந்தத வச்சு சத்தியம் பண்ண முடியாது. ரெண்டு பக்கமும் அடைச்சுட்டா சண்டையே வேண்டாமே: உருண்டை அறையவிட கொஞ்சம் பெரிசா இருக்கணும், லிவர் போட்டு இறுக்கறப்போ மெல்லிசா மோதிரம் மாதிரி ஈயம் சீவி விழணும், முழு வட்டமா விழுந்தா அடைப்பு சரி. பியெட்டா பாயின்ட் 44க்கு பெரும்பாலும் பாயின்ட் 451 இல்லன்னா 454 உருண்டை, ரெண்டுலயும் கொஞ்சம் வாங்கிப் பாருங்க, சுத்தமான மெத்து ஈயமா இருக்கணும். கேப்பும் அப்படித்தான், பத்து நம்பரா பதினொண்ணான்னு உங்க நிப்பிள்தான் சொல்லும்.

மருந்து பத்தி சுருக்கமா. ரிவால்வருக்கு மூணு எஃப் போட்ட பொடி ரகம், இந்த சைஸ்ல 25 கிரெயின்ல (கிரெயின்னா மருந்து அளக்கற அலகு) ஆரம்பிங்க, கூட கொடுத்த புத்தகத்துல இருக்கற உச்சத்த தாண்ட வேண்டாம். குறைச்சுப் போட்டுக் குறி பாக்கறவங்க மிச்ச இடத்த ரவையால நிரப்புவாங்க, ஆமா உப்புமா ரவைதான், இங்கத்த ஆளுங்க காலைல கஞ்சி காய்ச்சற கோதுமை ரவைய போடறாங்க, நான் நம்ம கடை பாக்கெட்ட போட்டேன், குறித்தாள்ல ஓட்டைங்க எல்லாம் கிட்டக்கிட்ட விழுந்துச்சு. உருண்டைக்கும் மருந்துக்கும் நடுவுல காத்து இடைவெளி இருக்கக்கூடாதுங்கறதுதான் இதுல விஷயம். உருண்டை மேல தடவ தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்தது நல்லா நிக்குது, ஆரம்பத்துல தேங்காயெண்ணெய் போட்டுப் பாத்தேன், ரேஞ்சுல வெயில் ஏறினதும் சட்டை கைல வழிஞ்சுது. டப்பால இருந்து நேரா அறைக்குள்ள கொட்டாதீங்க, உள்ள கங்கு இருந்தா டப்பாவே கைல வெடிக்கும், அளந்துதான் ஊத்தணும். கடைசியா, இத மட்டும் பெரிய எழுத்துல நினைச்சுக்கோங்க: கறுப்பா இருக்கற பவுடர் எல்லாம் கருமருந்து இல்ல. ஸ்மோக்லெஸ் பவுடரும் (இந்தக் காலத்துத் தோட்டாவுக்குள்ள இருக்கற மருந்து) பாக்க கறுப்புதான், அத இதுல போட்டா சிலிண்டர் பிளந்துடும். டப்பா மேல பேர் படிங்க, பேர் இல்லாத டப்பாவ தொடாதீங்க. நிஜ கருமருந்து கிடைக்கலன்னா பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் மாதிரி மாத்து இருக்கு. பைரோடெக்ஸ்ல பெர்குளோரேட் இருக்கறதால கசடு இன்னும் மோசமா துருப்பிடிக்க வைக்கும், டிரிபிள் செவன்ல கந்தகம் இல்ல, கழுவ சுலபம், ஆனா வேகம் ஜாஸ்தி, பதினஞ்சு சதவீதம் குறைச்சு அளக்கணும்.

அபார்ட்மென்ட்ல இருந்து இது நடக்குமான்னா நடக்கும், ஆனா வாங்கறதுக்கு முன்ன எங்க சுடப்போறீங்கன்னு ஒரு ஃபோன் போடுங்க. நாலு சுவத்துக்குள்ள இருக்கற ரேஞ்சு நிறைய இடத்துல புகைக்காக கருமருந்த விடவே மாட்டாங்க, திறந்தவெளி கிளப் வேணும். நீங்க ஓஹாயோல தெற்குப் பக்கம்னா இண்டியானால ஃப்ரெண்ட்ஷிப்னு ஒரு ஊரு, 1933ல ஆரம்பிச்ச தேசிய மசில் லோடிங் (குழல் வாய் வழியா மருந்து நிரப்பற துப்பாக்கி) சங்கத்தோட மைதானம் அங்கதான், வசந்த காலத்துலயும் இலையுதிர் காலத்துலயும் கூட்டம் போடுவாங்க. ஒரு நாள் வெறுங்கையோட போய் நில்லுங்க. தாத்தாமாருங்க உக்காந்து நிதானமா ஒரு ஒரு அறையா நிரப்பிட்டு இருப்பாங்க, கேட்டா தன் துப்பாக்கியவே கைல கொடுத்து சுடச் சொல்லுவாங்க. சாயங்காலம் கழுவறப்போவும் கூட இருந்து பாருங்க, அந்த முட்டை வாசனைல நின்னுட்டு இன்னும் வேணும்னு தோணுச்சுன்னா ஆர்டர் போடுங்க, இரும்பு ஃப்ரேம், கூடவே ஒரு செட் நிப்பிள், ட்ரிக்கர் ஸ்ப்ரிங் ஒண்ணு எக்ஸ்ட்ரா, அந்தத் தட்டை ஸ்ப்ரிங்தான் முதல்ல உடையும்.

வந்ததும் நேரா சுடாதீங்க. ஃபேக்டரி எண்ணெய் அறைக்குள்ள, நிப்பிள் ஓட்டைக்குள்ள எல்லாம் நிறைஞ்சிருக்கும், ஒரு தடவ முழுசா கழுவிக் காய வச்சுட்டு, ரேஞ்சுல மருந்து போடறதுக்கு முன்ன வெறும் கேப் மட்டும் ஆறு தடவ அடிச்சு ஓட்டைய சுத்தம் பண்ணுங்க. வீட்டுல வெறும் நிப்பிள் மேல டொக்கு டொக்குன்னு அடிச்சுப் பாக்காதீங்க, நுனி பூத்து கேப் ஏறாது. சுட்டு வெடிக்கலன்னா ஒரு நிமிஷம் குழல் குறியப் பாத்தபடியே பிடிச்சுட்டு நில்லுங்க, தாமதிச்சு வெடிக்கறது உண்டு. நிப்பிள் கழட்டறப்போ அசையலன்னா பலவந்தம் வேண்டாம், எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற வைங்க, அப்பவும் வரலன்னா எந்த அறை, எந்தப் பக்கம் சிக்கியிருக்குன்னு ஒரு ஃபோட்டோ போடுங்க, பாத்து சொல்றேன்.